கிழக்கு ஜன்னலால் வந்த பின்னேர வெயில்

போன வருசம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு ஹோலுக்கு ரெண்டர் செய்தேன், அதாவது முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் செய்கிற படம். வடிவத்துக்கு ஸ்கெட்ச்அப், வெளிச்சத்துக்கு வி-ரே. மூன்று இரவு முழித்து முடித்து, படம் வரைகிற பொடியன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வந்ததெல்லாம் ‘சூப்பர்’, கைதட்டு. பிழை என்னுடையதுதான். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் வேறென்ன வரும்?

அடுத்த நாள் சைட்டில் மேசன் பாஸிடம் போனைக் காட்டினேன். அறுபது தாண்டிய மனிசன். சீமெந்துக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“இது எத்தின மணி, மனே?”

“பின்னேரம் அஞ்சரை, பாஸ்.”

“அப்ப இந்த வெயில் எங்கால வருது? இது கடல் பக்கத்து ஜன்னல்தானே?”

வாயடைத்துப் போனேன். கல்லடியில் கடல் கிழக்கு, வாவி மேற்கு. மஞ்சள் வெளிச்சம் சோபாவில் அழகாக விழட்டும் என்று வெளிச்சம் தருகிற வானப் படத்தை (எச்டிஆர்ஐ) சுழற்றியவன், திசையை நினைக்கவே இல்லை. போனைத் திருப்பித் தரும்போது இன்னொன்றும் கேட்டார்: “ஃபேன் எங்க? இந்தப் புழுக்கத்துல ஆர் இருக்கிற?”

பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். வெளிச்சம் மட்டும் தெரியட்டும் என்று மெட்டீரியல் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிய ஒரு படத்தையும் பக்கத்தில் வைத்து, ‘வெளிச்சத்தில் மூன்று பிழை சொல்லுங்க’ என்று அதே குழுவில் போட்டேன். இந்த முறை விட்டு வைக்கவில்லை. சுவர் வெள்ளைக்கு நிற அளவின் உச்சமான 255 கொடுத்திருந்தேன். அதனால்தான் மூலையெல்லாம் நிழலே இல்லாமல் வெளுத்திருக்கு, 220 அளவுக்கு இறக்கு என்றார் ஒருவர். 16 மிமீ அகல லென்ஸில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியுது என்றார் இன்னொருவர். 24க்கு மாற்றி, கமராவை நாலடி உயரத்துக்கு இறக்கினேன். எனக்கு மிகவும் பிடித்தது மேசை விளிம்பு பற்றிச் சொன்னது. உண்மையான பலகையில் விளிம்பு கத்தி மாதிரி இருக்காது. 2 மிமீ மழுக்கிவிட்டதும் அந்த விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று ஓடியது. அதற்குப் பிறகுதான் அது மேசையானது.

கல்முனையிலிருந்து ஒருவர்:
எனக்கு டைல்ஸ் பாஸ்தான் வாத்தியார். என் படத்தில் பன்னிரண்டு அடிச் சுவரோரம் டைல்ஸை எண்ணினார். நாலு. “ரெண்டடி டைல்ஸ் எண்டா ஆறு வரணுமே தம்பி, நீங்க மூணடி டைல்ஸ் எங்க வாங்கின?” டெக்ஸ்சர் (தரையில் ஒட்டுகிற டைல்ஸ் படம்) அளவை நான் சரிபார்க்கவே இல்லை.

ஆரையம்பதியிலிருந்து ஒருவர்:
நான் எப்போதும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் போடுவேன். குடிவந்த பிறகு வீட்டுக்கார அன்ரி கோல் எடுத்து, “தங்கச்சி, படத்தில இருந்த சுவர் கலர் வரவே இல்ல” என்றா. போய்ப் பார்த்தால் வீடு முழுக்க 6500 கெல்வின் வெள்ளை பல்ப். நம்மட ஊரில் பாதி வீடு அப்படித்தான். இப்ப இரண்டு வெளிச்சத்திலும் படம் கொடுக்கிறேன். பெயின்ட் டப்பாவுக்குக் காசு கொடுக்க முன்னம் பார்க்கட்டும்.

முதலில் எழுதியவன்:
பல்ப் விசயம் எனக்கும் புதுசு, நன்றி அக்கா. ஒரு உதவி: நம்மட கடைகளில் தொங்குகிற மாதிரி சாதாரண மூன்று இதழ் ஃபேன் 3டி மொடல் யாரிடமாவது இருக்கா? தேடினால் மர இதழ் வைத்த ஹோட்டல் ஃபேன்தான் வருது. அதைப் போட்டால் பாஸ் திரும்பவும் பிடிப்பார்.