கனடாவிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்? அவசரம்

புதுவரவு:
அப்பாவை இன்று காலை ஐசியுவில் சேர்த்திருக்கிறார்கள். நான் இங்கே படிக்க வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. கனடாவிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்? ஒரு தளத்தில் 13,400 கி.மீ., 15 மணி நேரம் என்று இருக்கிறது. டிக்கெட் பார்த்தால் 27 மணி நேரம் காட்டுகிறது. எது சரி?

ஸ்கார்பரோவாசி:
தம்பி, அப்பா சுகமாகி வரட்டும். நாங்கள் வந்த புதிதில் நல்ல சப்பாத்துகூட இல்லாமல் பனியில் பஸ்ஸுக்கு நின்றனாங்கள். ஊருக்குப் போறதை நினைச்சும் பார்க்க ஏலாது. நீங்கள் லண்டன் வழியாகப் போங்கோ. லண்டனுக்கு ஏழு மணித்தியாலம், பிறகு சென்னைக்குப் பத்து.

பிராம்ப்டன்காரன்:
லண்டன் எல்லாம் வேண்டாம். டொரொண்டோவில் ஏறினால் 14 மணி நேரத்தில் நேராக டில்லி. அங்கே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி சென்னை விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். நடுவில் 4 மணி நேரமாவது விட்டு வையுங்கள்.

குளிர்காலம்:
பெட்டி என்றதும் வயிறு எரிகிறது. பாட்டி காரியத்துக்குப் போனபோது ஒரு விமான நிறுவனம் என் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. மாற்றுத் துணிகூட இல்லாமல் போய் நின்றேன். கேட்டால் ஃபார்ம் நிரப்பு என்கிறார்கள்.

வாடகைவீடு:
டிசம்பரில் டிக்கெட் விலையைப் பார்த்தீர்களா? வாடகை கட்டிவிட்டு மாணவர்கள் எங்கே போவது?

புதுவரவு:
நான் இருப்பது டொரொண்டோ இல்லை, வான்கூவர் பக்கம் சர்ரே. அப்பா தஞ்சாவூரில்.

காவேரிக்கரை அக்கா:
அப்படியென்றால் மேலே சொன்ன வழியெல்லாம் உனக்குச் சுற்று தம்பி. நீ பார்த்த தூரம் டொரொண்டோ கணக்கு. வான்கூவரிலிருந்து சென்னை சுமார் 12,700 கி.மீ. அந்த 15 மணி நேரம் வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு. நேரடி விமானமே கிடையாது. 27 என்பதுதான் நிஜம்.

பசிபிக் பக்கம் பார். ஹாங்காங் 13, 14 மணி நேரம், அங்கிருந்து சென்னை ஐந்தரை. ஆனால் சென்னையில் இறங்கினால் தஞ்சாவூருக்கு இன்னும் ஆறு மணி நேரம் ரோட்டில் போக வேண்டும். சிங்கப்பூர் வழி கிடைத்தால் அதை எடு. அங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், 4 மணி நேரம்தான். அப்புறம் ஒரு மணி நேரக் கார். எல்லாம் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் போச்சு. கைப்பை மட்டும் போதும்.

பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து கனடா விசா ஸ்டிக்கரில் தேதியைப் பார். ஸ்டடி பெர்மிட் என்பது அங்கே படிக்க அனுமதி, விசா என்பது நாட்டுக்குள் நுழைய; இரண்டும் வேறு வேறு. பெர்மிட் இருந்தும் விசா முடிந்திருந்தால் திரும்பி வர ஊரிலிருந்தே புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

புதன் இரவு கிளம்பினால் ஊரில் வெள்ளி சாயங்காலம் ஆகிவிடும். வீட்டில் "நாளைக்கு வந்துடறேன்" என்று சொல்லாதே, திருச்சியில் இறங்கும் தேதியையும் நேரத்தையும் சொல்.

புதுவரவு:
விசா அடுத்த வருஷம் வரை இருக்கிறது அக்கா. சிங்கப்பூர் வழி பார்க்கிறேன். காலேஜுக்கு என்ன சொல்வது?

காவேரிக்கரை அக்கா:
அப்பாவின் ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டை வீட்டில் யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ஏறுவதற்கு முன் அதையும் சேர்த்து காலேஜில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு மெயில் போட்டுவிடு.