எங்கள் லேன், வெள்ளவத்தை

4-பி அக்கா: எல்லாருக்கும் வணக்கம். மாமாவுக்கு இப்போது பரவாயில்லை, வார்டில் இருக்கிறார். இரவு வந்து நின்ற எல்லாருக்கும் நன்றி.

4-பி அக்கா: ஒரு விசயம் சொல்லியே ஆக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கூப்பிட்ட அம்புலன்ஸ் கெதியாகத்தான் வந்தது. ஆனால் காலி வீதியிலிருந்து லேனுக்குள் திரும்ப முடியவில்லை. மூலையில் ஒரு வெள்ளை வான், எதிர்ப்பக்கம் ஒரு கார். நடுவில் ஓட்டோ மட்டும்தான் போகும். கடைசியில் ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் போகும்போது கானுக்கு மேல் போட்ட ஸ்லாப் ஒவ்வொன்றிலும் சில்லு தட்டியது. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

1-ஏ அன்ரி: ஐயோ பிள்ளை! முருகன் காப்பாற்றினார். பின்னேரம் சோறு கட்டி அனுப்புகிறேன், நீ ஒன்றும் சமைக்க வேண்டாம்.

2-சி தம்பி: அக்கா, அந்த வான் எங்கள் ஃப்ளாட் ஆட்களுடையது இல்லை. கடைக்கு வந்த யாரோ. அந்த மூலையில் போர்டு ஒன்றும் இல்லைதானே, அதனால் நிறுத்தலாம் என்று நினைத்திருப்பார்கள்.

செயலாளர் அங்கிள்: தம்பி, போர்டு இருந்தால்தான் தடை என்பது பிழை. சந்தி, வளைவு, பாதசாரிக் கடவை, பஸ் ஹோல்ட், நடைபாதை, அடுத்தவன் கேட் வாசல், ஏற்கனவே நிற்கிற வாகனத்தை ஒட்டி இரண்டாவது வரிசை, இதற்கெல்லாம் போர்டே தேவையில்லை. லைசன்ஸ் எடுக்க எல்லாரும் படித்ததுதான். சந்தியில் ஒரு வாகனம் நின்றால் திரும்புகிறவனுக்கு வளைவும் கிடைக்காது, வருகிறவனும் தெரியாது. அம்புலன்ஸ் நின்றது அதனால்தான்.

செயலாளர் அங்கிள்: போர்டு இருக்கிற இடத்தில் கோட்டைப் பாருங்கள். நீல வட்டம், சிவப்பு ஓரம், ஒரு சாய்கோடு என்றால் நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. இரண்டு கோடு குறுக்காகப் போனால் ஆள் இறக்குவதற்குக்கூட நிற்கக்கூடாது. "ஹசார்ட் லைட் போட்டுத்தானே நின்றேன்" என்று பொலிஸிடம் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

5-ஏ அண்ணா: மரைன் டிரைவ் பக்கம் வாகனம் நிறுத்தச் சீட்டுக் கிழித்துக் காசு வாங்குகிறார்களே, அது?

செயலாளர் அங்கிள்: சீட்டில் மாநகர சபை பெயர், வாகன இலக்கம், நேரம் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். சீட்டு கையில் இருக்கிறது என்பதற்காகக் கேட்டை மறிக்க முடியாது.

2-சி தம்பி: தண்டச் சீட்டு தந்தால், அங்கிள்?

செயலாளர் அங்கிள்: 14 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் 28 நாள் வரை இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு கோர்ட்தான். தபால் கந்தோரில் கட்டலாம், இப்போது அரசாங்கத்தின் ஒன்லைன் கட்டண முறையான கவ்பேயிலும் (GovPay) வசதி வந்திருக்கிறது. இன்னொன்று, 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் சிசிடிவி கமராவில் பிடிபட்டாலும் வாகனப் பதிவில் உள்ள பெயருக்கு அறிவித்தல் வரும். வாகனத்தை விற்றவர்கள் பெயர் மாற்றாமல் விடாதீர்கள்.

3-டி ஐயா: எல்லாம் சரி. என் வாசலில் போட்ட கல்லை எடுக்கச் சொல்லிப் போன கூட்டத்தில் ஏன் சொன்னீர்கள்? கல் இல்லாவிட்டால் அடுத்த நிமிசமே ஒரு கார் நிற்கும்.

செயலாளர் அங்கிள்: ஐயா, கேட்டை யாரும் மறிக்கக்கூடாது, அது உங்கள் உரிமை. ஆனால் மதிலுக்கு வெளியே உள்ள ரோட்டில் கல், பூச்சட்டி, கோன் வைக்க எங்கள் ஒருவருக்கும் உரிமை இல்லை. உங்கள் கல் கேட்டைத் தாண்டி இரண்டு கார் நீளத்துக்குப் போகிறது. அங்கே நிற்க வேண்டிய வாகனம்தான் மூலைக்குப் போகிறது.

3-டி ஐயா: அப்போ மறித்தால் யாரிடம் சொல்வது?

செயலாளர் அங்கிள்: நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்துக்கொண்டு ஸ்டேசன் போக்குவரத்துப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 119.

4-பி அக்கா: ஐயா, கல்லைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் நடு ரோட்டுக்கு வந்தது அந்தக் கல்லால்தான். கோபத்தில் சொல்லவில்லை. தயவு செய்து எடுத்துவிடுங்கள்.

3-டி ஐயா: பிள்ளை, அது எனக்குத் தெரியாது. கேட்டுக்கு நேரே உள்ள இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இன்றைக்கே எடுப்பிக்கிறேன்.

செயலாளர் அங்கிள்: அந்த இரண்டைப் பற்றி நேரில் பேசுவோம், ஐயா. மூலைக்கு ஒரு போர்டு கேட்டு மாநகர சபைக்கும் பொலிஸுக்கும் கடிதம் எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கையொப்பம் வேண்டும்.

5-ஏ அண்ணா: ஞாயிறு எங்கள் வீட்டுப் பூசைக்கு ஆட்கள் வருவார்கள். வாசலில் இறக்கிவிட்டு, வாகனத்தைக் கட்டணத் தரிப்பிடத்தில் விடச் சொல்லிவிட்டேன். நிற்கிற வாகனத்தின் கண்ணாடியில் போன் நம்பர் வைக்கவும் சொல்கிறேன்.

4-பி அக்கா: நல்லது அண்ணா. அங்கிள், கடிதத்தை முதலில் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். நான் ஆஸ்பத்திரிக்கு 10 மணிக்குத்தான் போவேன்.