ஆங்கிலக் கட்டுரை திருத்தித் தர ஆள் வேண்டும் (மார்த்தாண்டம் சுற்றுவட்டாரம்)

வணக்கம். குழித்துறையில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, வெளிநாட்டு வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறாள். நியூசிலாந்தில் மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்து வெளியிட்ட, கல்விசார் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களின் (ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் ஒரு குடும்பம்) பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் ஏறியதுமே நோட்டு மடியில் விரிந்துவிடும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழில் பொருள். கேட்டால் பட்டென்று சொல்கிறாள். கட்டுரை எழுத உட்கார்ந்தால் மட்டும் அதே பள்ளிக்கூட ஆங்கிலம்தான்! பயிற்சி மையத்திலோ மாதிரித் தாள்களை அடுக்குகிறார்கள், எழுதியதை யாரும் திருத்துவதில்லை (கட்டணத்தை மட்டும் மறப்பதில்லை).

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் வாரம் ஒரு கட்டுரையாவது திருத்தித் தரும் ஆசிரியர் இருந்தால் சொல்லுங்கள். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.