புதுப்பிப்பு: கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை (8 மாதம் கழித்து)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எனக்கு 44 வயது, அடினோமயோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு அதன் தசைச்சுவருக்குள் வளரும் நோய்). மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பப்பையை எடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தேன்.

"முதலில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை), அப்புறம் மிரெனா (கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம்) பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. வேறொரு மருத்துவரிடம் போனேன். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகே, லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் 52 மி.கி. உள்ள அந்தச் சாதனத்தைப் பொருத்தினார். இரும்புச்சத்தை இரண்டு தடவை டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

எதிர்பாராதது ஒன்று. முதல் நான்கு மாதம் தினமும் பழுப்பாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. சாதனத்தை எடுத்துவிடச் சொல்லி மருத்துவர் முன்னால் அழுதேவிட்டேன். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை இப்படி இருக்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஐந்தாம் மாதம் நின்றது. இப்போது ஹீமோகுளோபின் 11.9. போன வாரம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வெளிர் மஞ்சள் பட்டுப்புடவை கட்டினேன். மூன்று வருடமாகக் கறுப்பும் அரக்கும்தான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நாத்தனாருக்குப் பெரிய நார்க்கட்டி, சாதனம் நிற்காமல் வெளியே வந்துவிட்டது. சினைப்பைகளை விட்டுவைத்துக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்கள். அவரும் நன்றாக இருக்கிறார்.