கேஸ் ராம் போட்டு புது ட்ரிகர் யூனிட் மாட்டினேன், பேரல மூடும்போதே தானா ஃபயர் ஆகுது, உதவி வேணும்

சிங்காநல்லூர்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா வச்சிருந்த .177 (4.5 மில்லி குண்டு) பிரேக் பேரல் ஏர் ரைஃபிள் (பேரல மடக்கி லோடு பண்ற காத்துத் துப்பாக்கி), ஸ்பிரிங் செத்துப்போய் பல வருசமா பரண்ல கெடந்துச்சு, அத எப்படியாவது உசுர் குடுத்து எழுப்பணும்னு ஸ்பிரிங்க எடுத்துட்டு கேஸ் ராம் (ஸ்பிரிங்குக்கு பதிலா கேஸ் அடைச்ச சிலிண்டர்) போட்டேன், அப்படியே பழைய ட்ரிகரும் கல்லு மாதிரி இருந்ததால தனியா விக்கிற டூ ஸ்டேஜ் (ரெண்டு கட்டமா இழுக்குற) ட்ரிகர் யூனிட் ஒண்ணு வாங்கி ரெண்டையும் ஒரே நாள்ல மாட்டிட்டேன். காக் பண்ணா (பேரல மடக்கி பிஸ்டன பின்னாடி தள்ளினா) கிளிக்னு சியர் (ட்ரிகர் இழுக்குற வரைக்கும் பிஸ்டன புடிச்சு வைக்கிற கொக்கி) புடிக்குது. ஆனா பேரல மூடும்போது அஞ்சுல ரெண்டு தடவ தானா ஃபயர் ஆயிருது. நல்லவேளை ரெண்டு தடவையும் மண்ணு மூட்டைய பாத்துதான் இருந்துச்சு. வீட்ல சின்னப் பையன் இருக்கான், ராத்திரி தூக்கமே வரல. ட்ரிகர் லேசா இருக்கணும்னு முன்னாடி இருக்குற குட்டி ஸ்க்ரூவ ரெண்டு சுத்து உள்ள விட்டிருக்கேன். சியர் முனைய அரத்தால கொஞ்சம் தேச்சு கூர்மையாக்கினா நல்லா புடிக்குமா?

பெல்லட்ராஜா:
ப்ரோ எனக்கும் இப்படி ஆச்சு, லைட்டா தேச்சேன் சரியாயிருச்சு.

லேத்பட்டறை:
தம்பி, மொதல்ல அரத்த கீழ வைங்க. சியருக்கு பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான் ஹார்டன் பண்ணிருப்பாங்க, உள்ள இருக்குறது சாதா இரும்பு. அரம் போட்டா அந்தத் தோல் போயிரும், இன்னைக்கு நல்லா புடிக்கும், நூறு எரநூறு ஷாட்ல வழிஞ்சு வட்டமாயி ஒருநாள் நீங்க பெல்லட் வைக்கும்போது நழுவும். பேரல் மடங்கி இருக்குறப்ப சியர் விட்டா பேரல் பட்டுனு மேல அடிக்கும், உள்ள விரல் இருந்தா விரல் போச்சு. இத பேர் ட்ராப் (கரடிப் பொறி)னு சொல்வாங்க. பெல்லட்ராஜா தம்பி, உங்களுத ஒருக்கா பிரிச்சுப் பாத்துருங்க, கோவிச்சுக்காதீங்க.

இப்ப உங்க விசயம். அந்தக் குட்டி ஸ்க்ரூ ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஸ்க்ரூ. அத உள்ள விட விட ட்ரிகரோட இழுவை கொறையும்னு நெனச்சுக்கிறோம், நெசத்துல கொறையிறது சியர் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்குற அளவு. ரெண்டு சுத்துன்னா நகக்கீறல் அளவுக்குத்தான் புடிச்சிருக்கும், பேரல் மூடுற அதிர்ச்சியே போதும் நழுவுறதுக்கு. அந்த ரெண்டு சுத்தையும் திருப்பி வெளிய எடுத்து கம்பெனி வச்ச நெலைக்கு கொண்டாங்க. அப்புறம் மூணு கேள்வி. பிஸ்டன் நடுவுல ராட் இருக்குற வகையா, இல்ல சியர் பிஸ்டன் அடி விளிம்புல மாட்டுற வகையா? ராட் வகைக்கு அதுக்குன்னே செஞ்ச ராம்தான் போடணும். ட்ரிகர் யூனிட் பின்னு ஆடுதா? ட்ரிகர் கார்டு போல்ட் பழசா புதுசா?

சிங்காநல்லூர்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. அரம் எடுக்கல, சத்தியமா. அடி விளிம்புல மாட்டுற வகைதான். பின் 3 மில்லி, ஓட்டை வெர்னியர்ல 3.2 காட்டுது, கொஞ்சம் ஆடுது. கார்டு போல்ட் பழசுதான். ஸ்க்ரூவ கம்பெனி வச்ச நெலைக்கே பின்னாடி எடுத்துட்டேன், இப்ப பத்துல ஒரு தடவ வருது, ஆனா போகல.

லேத்பட்டறை:
பத்துல ஒண்ணும் தப்புதான். இனிமே காக் பண்ணாதீங்க. புது யூனிட்டோட அடிப்பெட்டி பழசவிட கீழ எறங்கி இருக்கும், பழைய போல்ட் நீளம் அப்படியே. முனை உள்ள போயி சியர் கைய தள்ளும், அது முழுசா திரும்ப வராம பாதியில நிக்கும். போல்ட் முனைல மார்க்கர் இங்க் தடவி இறுக்கிட்டு கழட்டிப் பாருங்க, இங்க் தேஞ்சிருந்தா அதான் திருடன். ஸ்டாக்க (துப்பாக்கிக் கட்டைய) கழட்டும்போது ட்ரிகர் பின் ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிருங்க, அந்தப் பின்ன புடிச்சு வச்சிருக்குறதே ஸ்டாக்தான், கழட்டினா நழுவி விழும்.

பின் ஆட்டத்துக்கு ஓட்டைய 3.5க்கு ரீமர் பண்ணி (துல்லியமா பெருசாக்கி) பேரிங் நீடில் ரோலர் (பேரிங்குக்குள்ள இருக்குற மெல்லிய உருளை) போடுங்க, ஹார்டா கிரைண்ட் பண்ணி வரும், பேரிங் கடைல சில்லறைக்கு கெடைக்கும்.

ஏர்கன்_ஆச்சி:
இடையில நானும் ஒண்ணு சொல்லணும். கேஸ் ராம் போட்டா வேகம் ஏறலாம், நம்ம நாட்டு 2016 ஆயுத விதிப்படி .177 அளவும் பெல்லட் பாயுற சக்தி 20 ஜூலும்தான் லைசென்ஸ் இல்லாத எல்லை. 8 கிரைன் பெல்லட்டுன்னா (0.52 கிராம்) விநாடிக்கு சுமார் 277 மீட்டர்லயே 20 ஜூல் ஆயிரும், அதனால யாராச்சும் க்ரோனோ (பெல்லட் வேகம் அளக்குற கருவி) வச்சிருந்தா ஒருக்கா அளந்துருங்க. லேசான ட்ரிகர் ஆசையும் வேண்டாம். 10 மீட்டர் போட்டியில ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் கீழ போகக்கூடாதுன்னு விதி, ஏர் ரைஃபிளுக்கு அளவே இல்ல, அதப் பாத்துட்டு நெறைய பேர் வீட்டு துப்பாக்கில எறக்குறாங்க. ஆனா அந்த மேட்ச் ரைஃபிள்ல சியர் தாங்குறது சின்ன சுத்தியலத்தான், நம்மளுதுல ராமோட மொத்த அழுத்தமும் சியர் மேல. ஒரு கிலோவுக்கு கீழ நான் விடவே மாட்டேன். லக்கேஜ் தராச ட்ரிகர்ல மாட்டி இழுத்தாலே எடை தெரிஞ்சுரும்.

சிங்காநல்லூர்காரன்:
அண்ணா!! இங்க் சுத்தமா தேஞ்சு பளபளன்னு ஒரு வட்டம். போல்ட் முனைல 2 மில்லி வெட்டி பிசிறு எடுத்து மாட்டினேன், இப்ப இங்க் அப்படியே இருக்கு. பட்டறைல குடுத்து ரீமர் பண்ணி நீடில் ரோலர் போட்டாச்சு, ஆட்டமே இல்ல. சியர்ல மோலி கிரீஸ் ஒரு துளி மட்டும். ஒவ்வொரு தடவையும் பேரல ஒரு கையால புடிச்சுக்கிட்டே பெல்லட் வச்சேன், மண்ணு மூட்டைய பாத்து வச்சு மூடினதும் ரப்பர் சுத்தியால துப்பாக்கியோட பின்கட்டைல தட்டினேன். முப்பது தடவ, ஒண்ணுகூட நழுவல. தராசு 1.3 கிலோ காட்டுது.

லேத்பட்டறை:
ரொம்ப சந்தோசம். நூறு ஷாட் கழிச்சு ஒருக்கா பிரிச்சு சியர் முனைல டார்ச் அடிச்சுப் பாருங்க, விளிம்பு வட்டமா தெரிஞ்சா அந்த யூனிட்ட தூக்கிருங்க. அதுவரைக்கும் பையன் கைக்கு எட்டாம பூட்டி வைங்க.