ஆஃப்லைன் மேப்புக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ரோஸ் ஹில்லிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். விடுமுறையில் மொரீஷியஸிலுள்ள எங்கள் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளைப் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கு, மஃபாத் பள்ளத்தாக்கில் நடக்க அழைத்துப் போகிறோம். உள்ளே சாலை கிடையாது. நடந்து போகவேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடங்கள் வழியில் உண்டு. சில பிள்ளைகளிடம் ஜிபிஎஸ் கடிகாரம் இருப்பதால், அதில் ஆஃப்லைன் மேப், அதாவது முன்பே இறக்கிவைத்த வரைபடம், வைத்துக்கொள்வது பற்றித் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, "இணையமில்லா வரைபடம்" என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

போன மாதம் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டில் ஒத்திகை நடை. ஒரு பையனுடைய கடிகாரத்தில் நாங்கள் நின்ற இடம் புள்ளியாகத் தெரிந்தது, சுற்றிலும் வெறும் வெள்ளை. "இணையமில்லா வரைபடம்னு எழுதியிருந்தீங்களே மிஸ், நெட் இல்லாமலே வரும்னு நினைச்சேன்" என்றான். அவன் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறான், என் சொல்தான் அவனை ஏமாற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். உதவுங்கள்.

மோக்காவிலிருந்து:

அம்மா, இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆன்லைன் நிகழ்நிலை, ஆஃப்லைன் அகல்நிலை. ஆகவே அகல்நிலை வரைபடம். இதே அடைமொழி அகராதிக்கும் விளையாட்டுக்கும் கோப்புக்கும் பொருந்தும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் சொல் கட்டினால் கலைச்சொல் ஒரு அமைப்பாக வளராது.

சான் தெனியிலிருந்து:

இங்கே ரெயூனியனில், மஃபாத்தில் பலமுறை நடந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடிகாரம் எதிலிருந்து அகன்று நிற்கிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, கடிகாரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான்கு கோள்களின் குரல் கேட்டால் இடம் கணித்துவிடும். இதற்கு இணையம் வேண்டாம். அந்தப் பையனின் புள்ளி சரியாக இருந்தது இதனால்தான். படம் வேறு சங்கதி, அதை வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கியிருக்க வேண்டும்.

சொல்லைவிட முக்கியமான சிலவற்றையும் குறிப்பில் சேருங்கள். சில கடிகாரங்களில் படமே ஏறாது, நடைவழி ஒரு கோடாக மட்டும் தெரியும். அந்தப் பிள்ளைகள் நடைவழியைப் பதிந்துவைத்த ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றிக்கொண்டால் போதும். கிளம்பும் காலையில் எல்லோரும் கடிகாரத்தைக் கைப்பேசியோடு ஒருமுறை இணைத்துவிடட்டும். கோள்கள் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பு அப்போது வந்துவிடும், முதல் இடங்காணல் சீக்கிரம் முடியும். அப்புறம், செங்குத்துப் பாறைச்சுவர் ஓரத்தில் சிக்னல் எதிரொலித்துப் புள்ளி தள்ளிக் காட்டும். அங்கே பாதைக் குறிகளையும் பார்த்துத்தான் நடக்கவேண்டும்.

குவாத்ர் போர்னிலிருந்து:

இல்லாததை வைத்து ஏன் பெயரிடவேண்டும்? வழிக்குச் சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் அதைக் "கடையில்லாச் சோறு" என்றா சொன்னார்கள்? கட்டுச்சோறு என்றார்கள். அந்த வழியில் கட்டுப்படம் என்று சொல்லலாம்.

இன்னும் பின்னால் போனால் நாலடியாரில் "தோட்கோப்புக் காலத்தால் கொண்டுய்ம்மின்" என்று வருகிறது. தோட்கோப்பு என்றால் தோளில் கொண்டுபோகும் வழியுணவு. அதைக் காலத்தால், அதாவது நேரம் இருக்கும்போதே, எடுத்துக்கொள் என்கிறது பாட்டு. கோப்பு என்பது கோத்தல். இன்று ஃபைலுக்கும் அதே கோப்பு. தோளிலிருந்து மணிக்கட்டுக்கு இறக்கினால் கைக்கோப்பு. சொல்லும் பொருளும் இப்படிக் கூடி வருவது அபூர்வம். பழமொழி நானூற்றின் ஆற்றுணாவையும் எண்ணிப் பாருங்கள். ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. அங்கிருந்து ஆற்றுப்படம்.

மோக்காவிலிருந்து:

ஐயா, ஆற்றுப்படம் என்றால் பிள்ளைகள் நதியைத் தேடுவார்கள். கட்டுப்படம் என்றால் கட்டுப்படுதல் நினைவுக்கு வரும். நாலடியார்ப் பாட்டிலோ கூற்றுவன் ஆள் பார்த்துத் திரிகிறான். மலையேறும் பிள்ளைகளுக்கு அது வேண்டாமே.

டர்பனிலிருந்து:

தென்னாப்பிரிக்காவில் எங்கள் முன்னோர் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கினார்கள். ஞாயிறு வகுப்பில் இன்று தமிழ் படிக்கும் பிள்ளைக்கு வீட்டுமொழி ஆங்கிலம். அதற்குத் தோட்கோப்பு என்று சொல்லிக்கொடுத்தால் எழுத்தையும் விட்டுவிடும். ஆஃப்லைன் மேப் என்று தமிழ் எழுத்தில் போடுங்கள். பாதுகாப்புக் குறிப்பு புரியவேண்டும், அவ்வளவுதான்.

போர்ட் லூயிஸிலிருந்து:

அண்ணா, 1998இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கியபோது இங்கே எதிர்த்து நின்று, நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தோம். நோட்டில் இடம் கேட்டவர்கள் கடிகாரத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதா? இன்னொன்று, வரைபடம் என்றால் கணக்கு வகுப்பில் கிராஃப். நிலப்படம் என்று எழுதுங்கள். இலங்கையில் தேசப்படம் என்பார்கள், ஆனால் ஒரு பள்ளத்தாக்கைத் தேசம் என்பது எனக்கு ஒட்டவில்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து:

நன்றி. நேற்று வகுப்பில் பலகையில் மூன்று சொற்களை எழுதிவைத்து, பேசாமல் நின்றேன். அகல்நிலை வரைபடம் என்றதும் ஒரு பெண் "அகல் விளக்கா மிஸ்?" என்றாள். கைக்கோப்புக்கு யாரும் வாய் திறக்கவில்லை. "சேமித்த வரைபடம்" என்பதைப் படித்த உடனே, அன்றைக்கு வெள்ளைத் திரை பார்த்த அதே பையன், "எங்கே சேமிக்கணும், எப்போ?" என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும். தலைப்பு "சேமித்த வரைபடம்", அதன் கீழே "கிளம்பும் முன் வீட்டிலேயே இறக்கிக்கொள்க". சான் தெனி அண்ணன் சொன்னதெல்லாம் உள்ளே வந்துவிட்டது. நிலப்படம் எனக்கும் பிடித்ததுதான், ஆனால் எங்கள் பாடநூலில் வரைபடம் என்றே இருக்கிறது.

சான் தெனியிலிருந்து:

சரி, போதும். என் வாக்கும் இதற்கே.

டர்பனிலிருந்து:

அடைமொழியை ஏற்கிறேன். மேப் என்பதை எங்கள் வகுப்பில் அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

மோக்காவிலிருந்து:

அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு இங்கே பதிவாகட்டும். சேமித்த பிறகும் இணையத்தோடு இணைந்தே இருக்கும் படம் உண்டு. கடிகாரத்தின் அமைப்புத் திரையில் ஆஃப்லைன் என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அதற்கு என்ன எழுதுவீர்கள்?

குவாத்ர் போர்னிலிருந்து:

அந்தப் பொத்தானுக்குத்தான் தோட்கோப்பு.