கட்டபெட்டு வீட்டுக் குழு: அக்டோபர் இலைச் சீட்டும் டேலியும்

சனிக்கிழமை

மாலை 6:42 நித்யா:
எல்லாருக்கும் ஒரு விஷயம். இந்த செமஸ்டர்ல டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல பிராக்டிக்கல் இருக்கு. ரெக்கார்டு நோட்டுக்கு நெஜமான ஒரு தொழிலோட ஒரு மாசக் கணக்கைப் போட்டுக் காட்டணும்னு மேடம் சொல்லிட்டாங்க. நான் நம்ம தேயிலைத் தோட்டத்தையே எடுத்துக்கறேன். அப்பா, சரிதானே?

6:44 அப்பா:
தாராளமா எடும்மா. சீட்டெல்லாம் அலமாரில கட்டி வச்சிருக்கேன்.

6:45 அம்மா:
கூலி நோட்டு என்கிட்ட இருக்கு.

6:53 நித்யா:
[படம்: ஃபேக்டரி சீட்டு, அக்டோபர்]
எழுத்து மங்கலா இருக்கு, நானே டைப் பண்ணிடறேன்.
மொத்த எடை 652 கிலோ, ஈரத்துக்குக் கழிவு 12, நிகரம் 640
640 கிலோ, கிலோ 18 ரூபா = 11,520
பிடித்தம்: அட்வான்ஸ் 2,000, உரம் 1,500, வண்டி வாடகை 640
பாக்கி பேங்க்ல போட்டது 7,380

சசி சித்தி, பாஸ்புக்லயும் 31ஆம் தேதி 7,380தான் வந்திருக்கு. அதையே சேல்ஸ்னு போட்டுடலாமா? கிளாஸ்ல போட்ட கணக்கெல்லாம் "ரொக்கத்திற்குச் சரக்கு விற்றது ரூ. 5,000"னு ஒரே வரியா இருக்கும். பிடித்தம் வர்ற மாதிரி ஒண்ணுகூட இல்ல.

7:10 சசி சித்தி:
இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன் கண்ணு. 7,380ஐ சேல்ஸ்ல போடாதே. இந்த மாதிரி சீட்டை நான் தினமும் ஃபேக்டரி பக்கத்துல இருந்து போடறவ, அதனால சொல்றேன். நீ வித்த இலை 11,520க்கு. அதுதான் சேல்ஸ். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் நடந்த வேற வேற காரியம்.

7:11 சசி சித்தி:
7,380ன்னு போட்டாலும் டேலி ஒண்ணும் சொல்லாது. பேங்க் பற்று, சேல்ஸ் வரவு, ரெண்டு பக்கமும் சமம். எல்லாக் கணக்கோட பற்றையும் வரவையும் கூட்டிப் பாக்கற டிரையல் பேலன்ஸும் டாண்ணு நிக்கும். ஆனா நம்ம தோட்டத்துல எவ்வளவு இலை வித்துச்சுங்கற கேள்விக்குப் பதில் தப்பா வரும்.

7:15 பிரவீன் அண்ணா:
சித்தி சொல்றது சரி. நித்யா, முதல்ல கம்பெனி கிரியேட் பண்றப்போ புக்ஸ் பிகினிங் ஃப்ரம்ல 1 அக்டோபர் குடு. அப்பத்தான் ஒரு மாசக் கணக்கு சுத்தமா வரும். நான் குடுத்த லேப்டாப்ல டேலி பிரைம் எஜுகேஷனல் மோடுதான் இருக்கு.

7:17 நித்யா:
ஆமாண்ணா. லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர், கை பழகவே நேரம் இல்ல. அதான் வீட்லயே உக்காந்துட்டேன். ஆனா கூலி நோட்டுல 4, 11, 18, 25னு சனிக்கிழமை தேதி இருக்கு. 4ஆம் தேதி போட்டா எடுக்கவே மாட்டேங்குது.

7:18 பிரவீன் அண்ணா:
எடுக்காது. லைசென்ஸ் இல்லாத எஜுகேஷனல் மோடுல மாசத்தோட 1, 2, 31 இந்தத் தேதிதான் எடுக்கும். எஃப்2 அழுத்தி 31 போட்டுக்கோ.

7:20 சசி சித்தி:
நம்ம கணக்குக்கு 31 போதும். இலைக் கணக்கே மாசக் கடைசிலதானே முடிக்கறாங்க. கூலியையும் நாலு வரியா 31லயே போட்டு, எந்த வாரக் கூலின்னு கீழ இருக்கற குறிப்பு வரில, அதான் நரேஷன்ல, எழுதிடு. நரேஷனைச் சும்மா விடாதே. எங்க ஆபீஸ்ல ஆடிட் வந்தா முதல்ல பாக்கறதே அதைத்தான்.

7:26 மாமா (கூடலூர்):
எல்லாரும் சேர்ந்து பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க. ஒன்றரை ஏக்கருக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? நோட்டுல எழுதினா ஆகாதா?

7:29 சசி சித்தி:
ஆகும்ணா, நோட்டை விடச் சொல்லவே இல்ல. இன்னும் சொல்லப் போனா அவ முதல்ல நோட்டுலதான் எழுதணும். நித்யா, 12வது அக்கவுண்டன்சி புக்குல கடைசிப் பாடமே டேலிதான், ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி அத்தனை பாடமும் கையால பற்று வரவு எழுத வச்சது காரணமாத்தான். எங்க ஆபீஸுக்கு வேலைக்கு வர்ற பிள்ளைங்க எஃப்5, எஃப்6, எஃப்7 எல்லாம் கண்ணை மூடிட்டு அழுத்துவாங்க. "அட்வான்ஸ் வாங்கியிருக்கோம், யார் கணக்குல பற்று?"ன்னு கேட்டா கை நின்னுடும். விசையை ஒரு வாரத்துல கத்துக்கலாம். நீ சீட்டை வச்சு பேப்பர்ல எழுதி எனக்கு அனுப்பு. பாத்துட்டு சொல்றேன், அப்புறம் டேலில போடு.

7:31 பிரவீன் அண்ணா:
சித்தி, இன்டர்வியூல வேகம்தான் பாப்பாங்க. ஆல்ட்+சி அழுத்தி, என்ட்ரி போடற வவுச்சர்ல இருந்தே புதுக் கணக்கு, அதாவது லெட்ஜர், திறக்கத் தெரியலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டும் வேணும்.

7:32 சசி சித்தி:
ரெண்டும் வேணும், ஒத்துக்கறேன். எது முன்னாடிங்கறதுதான் பேச்சு.

8:05 நித்யா:
[படம்: நோட்டுப் பக்கம்]
எழுதிட்டேன் சித்தி.
1. ஃபேக்டரி கணக்கு பற்று 11,520, இலை விற்பனை வரவு 11,520. எஃப்8 (சேல்ஸ்).
2. வண்டி வாடகை பற்று 640, ஃபேக்டரி வரவு 640. எஃப்7 (ஜர்னல்).
3. பேங்க் பற்று 7,380, ஃபேக்டரி வரவு 7,380. எஃப்6 (ரசீது).
அட்வான்ஸும் உரமும் எங்க போடறதுன்னு தெரியாம விட்டிருக்கேன்.

8:09 சசி சித்தி:
மூணும் சரி. மீதிக்கு அப்பாகிட்டதான் கேக்கணும். அத்தான், அட்வான்ஸ் மொத்தம் எவ்வளவு வாங்கினீங்க? உரம் எப்ப எடுத்தது?

8:12 அப்பா:
அட்வான்ஸ் ஆகஸ்ட்ல 4,000. நித்யா ஃபீஸுக்குத்தான். உரம் செப்டம்பர்ல வாங்கி அப்பவே போட்டாச்சு. அதுக்கு இதுவரைக்கும் பிடிக்கல, அக்டோபர்லதான் பிடிச்சாங்க.

8:16 சசி சித்தி:
அப்ப அக்டோபர் 1 அன்னைக்கு ஃபேக்டரிக்கு நாம குடுக்க வேண்டியது 4,000 + 1,500 = 5,500. ஃபேக்டரி லெட்ஜரை சண்ட்ரி டெட்டர்ஸ்ல, அதாவது நம்மகிட்ட வாங்கறவங்க குரூப்ல, திற, ஓப்பனிங் பேலன்ஸ் 5,500 வரவுன்னு போடு. அப்புறம் உன் மூணு என்ட்ரியையும் போட்டுட்டு அந்த லெட்ஜரைத் திறந்து பாரு. அட்வான்ஸுக்கும் உரத்துக்கும் தனியா எதுவும் போட வேண்டாம்.

8:18 பிரவீன் அண்ணா:
அட்வான்ஸை கரண்ட் லயபிலிட்டீஸ்ல தனி லெட்ஜரா வைக்கறதுதான் எங்க ஆடிட்டர் ஆபீஸ் வழக்கம்.

8:20 சசி சித்தி:
பெரிய கணக்குக்கு அது நல்லதுப்பா. இங்க ஒரே ஃபேக்டரி, ஒரே சீட்டு. சீட்டுல இருக்கற மாதிரியே ஒரே இடத்துல பாத்தா அத்தானுக்கும் புரியும். ரெக்கார்டுல ரெண்டு வழியும் எழுதட்டும், மார்க் கிடைக்கும்.

8:34 நித்யா:
ஃபேக்டரி லெட்ஜர்ல கடைசியா 2,000 வரவு நிக்குது சித்தி!

8:35 சசி சித்தி:
4,000 அட்வான்ஸ்ல 2,000 பிடிச்சாச்சு. மீதி?

8:35 நித்யா:
2,000! தனியா எதுவுமே போடாம தானா வந்திருச்சு.

8:37 அப்பா:
அடுத்த மாசமும் 2,000 பிடிப்பாங்களா? நான் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

8:38 சசி சித்தி:
சீட்டோட பின்பக்கம் பாருங்க அத்தான், பென்சில்ல பாக்கி எழுதியிருப்பாங்க.

8:41 அப்பா:
ஆமா, 2,000 பாக்கின்னு போட்டிருக்கு. இத்தனை நாள் திருப்பியே பாக்கல.

8:46 நித்யா:
இன்னொண்ணு சித்தி. பேங்க் ஓப்பனிங் 9,200 போட்டேன். டிரையல் பேலன்ஸ்ல "டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்சஸ்"னு 3,700 காட்டுது.

8:49 சசி சித்தி:
அன்னைக்கு நம்மகிட்ட இருந்தது 9,200. குடுக்க வேண்டியது 5,500. கழிச்சா 3,700, அதுதான் தோட்டக் கணக்கோட முதல். கேபிடல் அக்கவுண்ட்ல 3,700 வரவு போடு, அந்த வரி காணாமப் போயிடும். நிலத்தோட மதிப்பை இந்த ரெக்கார்டுல சேக்கலைன்னு ஒரு குறிப்பும் எழுதிடு.

8:52 நித்யா:
எஃப்11 செட்டிங்ஸ்ல ஜிஎஸ்டிக்கு "எஸ்"னு குடுக்கணுமா? இலையை ஸ்டாக் ஐட்டமா வச்சு கிலோல போடணுமா?

8:56 சசி சித்தி:
ரெண்டும் வேண்டாம். பச்சை இலைக்கு வரி கிடையாது, நமக்கு ஜிஎஸ்டி நம்பரும் கிடையாது. ஃபேக்டரி தூளாக்கி விக்கும்போதுதான் 5 சதவீதம். நாளைக்கு உரக்கடை பில்லுல ஜிஎஸ்டி இருந்தாலும் நீ பிரிக்காதே, மொத்தமும் உரச் செலவு. வாங்கறப்போ கட்டின வரியை இன்புட்னு கழிச்சுக்க நமக்கு வழியில்ல. ஸ்டாக்கும் அப்படித்தான். காலைல பறிச்ச கொழுந்து சாயங்காலம் லாரி ஏறிடுது, ராத்திரி வச்சா சூடேறிக் கருகிடும். மாசக் கடைசில இருப்புன்னு ஒண்ணுமே இருக்காது. கிலோவும் விலையும் நரேஷன்ல இருக்கட்டும். டீ போர்டு மாசா மாசம் நீலகிரி இலைக்குக் குறைஞ்சபட்ச சராசரி விலை அறிவிக்குது, அதோட ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

9:04 நித்யா:
அம்மா, கூலி நோட்டு வந்துச்சு. 900, 1,150, 1,050, 1,100. மொத்தம் 4,200. அப்பா பேங்க்ல எடுத்தது 3,500, அதை பேங்க்ல இருந்து கைக்கு வந்ததா எஃப்4 கான்ட்ரால போட்டேன். கூலியை எஃப்5 பேமென்ட்ல போட்டா கேஷ் 700 மைனஸ்ல போகுது. எங்கயோ விட்டுப் போயிருக்கா?

9:06 பிரவீன் அண்ணா:
ரொக்கம் ஒரு நாளும் மைனஸ்ல போகாது. கையில இல்லாத காசை யாரும் குடுக்க முடியாது. ஒண்ணு வரவு ஏதோ விட்டிருக்கணும், இல்ல செலவு கூட எழுதியிருக்கணும்.

9:11 அம்மா:
கூடலாம் எழுதல. நோட்டுல இருக்கறது சரியான கணக்கு. 18ஆம் தேதியும் 25ஆம் தேதியும் காசு பத்தல. அப்பா லாரிகிட்ட நின்னாரு. பறிக்க வந்தவங்களை எப்படி வெறுங்கையோட அனுப்பறது? முட்டை வித்த காசுல இருந்து குடுத்தேன்.

9:13 அப்பா:
என்கிட்ட சொல்லவே இல்லையே.

9:14 அம்மா:
எல்லா மாசமும் கொஞ்சம் அப்படித்தான் ஆகும்.

9:19 சசி சித்தி:
அக்கா, இது எழுதியே ஆகணும். எங்க ஃபேக்டரிக்கு இலை குடுக்கற வீடுகள்லயும் இதைப் பாக்கறேன். பாஸ்புக் ஒரு கணக்கு சொல்லும், வீட்டுப் பொம்பளைங்க கைக்காசு எதுலயுமே வராது. நித்யா, அம்மா பேர்ல ஒரு லெட்ஜர் திற. முதலா கடனாங்கறதை அவங்களே சொல்லட்டும்.

9:21 நித்யா:
முதல்னா கேபிடல்ல வரும், கடன்னா அன்செக்யூர்ட் லோன்ஸ்ல வரும். அப்பா?

9:27 அப்பா:
கடன்னு போடு. இலைக் காசு வந்ததும் முதல்ல அதைக் குடுத்துடறேன். போன மாசங்கள்ல குடுத்ததும் நோட்டுல இருந்தா பாத்து எழுதும்மா.

9:30 நித்யா:
போட்டுட்டேன். கேஷ் சரியா 0. டிரையல் பேலன்ஸ் ரெண்டு பக்கமும் 17,920. லாபம் 6,680.

9:33 அப்பா:
6,680ஆ? 7,380 வந்துச்சு, கூலி 4,200 போச்சு, 3,180தான் நின்னுச்சுன்னு நெனச்சேன்.

9:37 சசி சித்தி:
வித்தியாசம் 3,500 அத்தான். அட்வான்ஸ் 2,000, உரம் 1,500. அது பழைய கடனைத் தீத்தது. அக்டோபர் மாசத்து நஷ்டம் இல்ல. ஆனா இந்த 6,680 முழுக்க லாபம்னும் எடுத்துக்காதீங்க. உரம் செப்டம்பர்ல போயிருச்சு, இந்த மாசத்துல ஏறல.

9:41 மாமா (கூடலூர்):
இவங்க ரெண்டு பேரும் விடிஞ்சதுல இருந்து பறிக்கறாங்களே, அந்தக் கூலி எங்க இருக்கு?

9:46 பிரவீன் அண்ணா:
நல்ல கேள்வி மாமா. காசாக் குடுக்காததால வவுச்சர் போட முடியாது. ஆனா பயிருக்கு ஆதரவு விலை பரிந்துரைக்கற வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் இருக்கே, அவங்க குடும்ப உழைப்பையும் சேத்து "ஏ2 பிளஸ் எஃப்எல்"னு தனியா ஒரு செலவுக் கணக்கு போடறாங்க. நித்யா, ரெக்கார்டுல கடைசிப் பக்கத்துல அப்பா அம்மா பறிச்ச நாளை எழுதி, வெளியாளுக்குக் குடுக்கற கூலியை வச்சுக் கணக்குப் போட்டுக் காட்டு.

9:52 அத்தை:
தாத்தா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்காங்க. அவங்க சொல்றதை அப்படியே போடறேன்: "சிலோன் தோட்டத்துல செக்ரோல்ல, அதான் ஆள் கணக்குப் புத்தகத்துல, அன்னன்னைக்கே பேர் விழணும். கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான், அரை நாள் கூலி. ஒரு நாள் பேர் விட்டுப் போச்சுன்னா அந்த நாள் கூலி போச்சு, மாசக் கடைசில போய்ச் சொன்னா எவனும் கேக்க மாட்டான். அதனால மருமக பறிச்ச கிலோவையும் அன்னன்னைக்கு சாயங்காலமே எழுது பாப்பா."

9:55 நித்யா:
சரி தாத்தா, எழுதறேன். அம்மா, நாளையில இருந்து எடை போட்டதும் உங்க ரெண்டு பேர் கிலோவையும் தனியா சொல்லுங்க.

9:58 பிரவீன் அண்ணா:
இன்னொரு விஷயம். தப்பா விழுந்ததை ஆல்ட்+டி அழுத்தி அழிக்காதே, ஆல்ட்+எக்ஸ்ல கேன்சல் பண்ணு. 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனிகளோட கணக்கு சாஃப்ட்வேர்ல யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு பதிவாகியே ஆகணும். வேலைக்குப் போனா அந்தப் பழக்கம்தான் கேப்பாங்க.

10:01 சசி சித்தி:
கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, மழை பிடிச்சிருக்கு. இப்பவே பேக்கப் எடுத்து பென் டிரைவ்ல போட்டுட்டுத் தூங்கு. நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வரேன். செப்டம்பர், ஆகஸ்ட் சீட்டையும் எடுத்து வை, ஓப்பனிங் 5,500 சரிதானான்னு உக்காந்து பாத்துடலாம்.

10:03 அம்மா:
சாப்பாட்டுக்கே வந்துடு சசி.